விழாத மூன்று கியர்

ஜூன் 9, ஞாயிறு

இந்த நோட்டு அவருடைய பி.பி. எழுத வாங்கியது. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, கூடவே நாடித்துடிப்பு. சேலத்து டாக்டர் சொன்னபடி எழுதி வருகிறேன். இன்று 122/78, துடிப்பு 66. இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. மீதிப் பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்று நானும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரியில் அவர் மார்பில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். நேற்றுப் பரிசோதனைக்குப் போனபோது மருந்தைப் பற்றியோ சாப்பாட்டைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சைக்கிள் ஓட்டலாமுங்களா டாக்டர்?" என்று அதைத்தான் கேட்டார். "ஓட்டுங்க, துடிப்பு நூத்தி முப்பதைத் தாண்டக் கூடாது" என்று அவரும் சொல்லிவிட்டார். எனக்கு டாக்டரை இரண்டு அறை அறையலாம் போலிருந்தது.

புருஷன் பெயரை எழுதினால் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்வாள். நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆனாலும் இந்த வருஷம் எதற்கு வம்பு? 'அவர்' என்றே இருக்கட்டும்.

ஜூன் 11, செவ்வாய்

ரயில்வே மேம்பாலம் வரை போய் வருகிறேன் என்று கிளம்பினார். நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். பாலத்தில் பாதி ஏறுவதற்குள் அவர் கைக்கடிகாரம் துடிப்பு 141 என்று காட்டியதாம். இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் சைக்கிளைத் தள்ளி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போகாமல் பத்தடி பின்னாலேயே நின்றேன்.

அது ரேஸ் சைக்கிள். பின்சக்கரத்தில் பத்துப் பல்சக்கரங்கள், பெரியதற்கே இருபத்தைந்து பல்தான். மலையேறும் சைக்கிள்களில் முப்பத்தாறு பல் இருக்கும். மிதித்தால் பஞ்சு மாதிரி போகும். கொல்லிமலைக்கு லோடு ஏற்றும் வண்டிக்கும் பெங்களூர் ஹைவே வண்டிக்கும் ஒரே கியரா போடுவார்கள்? நாமக்கல்லில் இருபத்திரண்டு வருஷமாக டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா!

மலை சைக்கிளின் சாமானை இதில் மாட்டப் போகிறேன்.

ஜூன் 15, சனி

பார்சல் வந்தது. மாட்டினேன். தோற்றேன்.

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கைக்கு டீரெய்லர் என்று பெயர். எங்கள் ஊரில் டிரெய்லர் என்றால் பதினெட்டுச் சக்கரம், இது உள்ளங்கை அளவு. ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் லிவரும் அதே ஜப்பான் கம்பெனி, புது டீரெய்லரும் அதே கம்பெனி, இரண்டும் பத்து கியர். ஆக, கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம் என்று வாங்கினேன். கண்ணை மூடியதுதான் தப்பு. ரேஸ் சைக்கிள் லிவர் ஒரு சொடுக்குக்குக் கொஞ்சம் கேபிளைத்தான் இழுக்கிறது. மலை டீரெய்லர் நிறையக் கேபிள் கேட்கிறது. நாலு மில்லிமீட்டர் நகர வேண்டிய இடத்தில் மூன்றுகூட நகரவில்லை. செயின் நடுவில் நின்று கரகரவென்று கத்தியது.

"ஒரே கம்பெனிதான? அப்புறமென்ன?" என்று கேட்டார்.

"ஒரே வயித்துல பொறந்தவங்களே ஒத்துப் போறதில்லீங்க மாமா" என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

118/76, துடிப்பு 64. கை விரலெல்லாம் கிரீஸ். எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20, வியாழன்

சேலத்தில் பழைய சைக்கிள்களைப் பிரித்து விற்கும் கடையில், தூக்கி எறியப்பட்ட ஒரு மலை சைக்கிளின் டீரெய்லர் கிடைத்தது. பத்து கியருக்கானது இல்லை, ஒன்பது கியருக்கானது. பதினைந்து வருஷப் பழசு. ஆனால் அந்தக் காலத்தில் அந்தக் கம்பெனி ரேஸுக்கும் மலைக்கும் ஒரே கேபிள் இழுப்புக் கணக்குதான் வைத்திருந்தது. பத்து கியர் லிவரோடு ஒன்பது கியர் டீரெய்லர் கச்சிதமாகப் பேசியது.

இப்போது நிலவரம் இது: லிவர் ஜப்பான், ரேஸ். டீரெய்லர் ஜப்பான், மலை, கிழவன். பல்சக்கரம் அமெரிக்கா. செயின் தைவான். முப்பத்தாறு பல்லுக்கு இந்த டீரெய்லர் ஆகாது என்று எங்கேயோ எழுதியிருந்தது. உடம்போடு ஒட்டி ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதைத் திருப்பினால் ஆகிறது. எழுதுகிறவனுக்கு என்ன, எழுதிவிட்டுப் போவான்.

ஸ்டாண்டில் தூக்கி வைத்து மிதியைச் சுற்றினேன். பத்து கியரும் சொடுக்குச் சொடுக்காக விழுந்தது. எனக்கு நானே ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

ஜூன் 22, சனி

ஒர்க்‌ஷாப்பில் போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்றின் பம்ப். ஓனர் வந்து பக்கத்தில் குனிந்து, "அக்கா, அந்த மேல் ஸ்பீடு ஸ்க்ரூவை இன்னும் ரெண்டு சுத்து உள்ள வுட்டு சீல் வெச்சிருங்க. டிரைவர்கிட்டச் சொல்ல வேண்டாம். வண்டியே அவ்வளவுதான் இழுக்குதுன்னு நெனச்சுக்குவான்" என்றார். வாரத்துக்கு ஒரு ஓனராவது இப்படி வருவார். ஈயத்தைக் கம்பியில் கோத்து அழுத்தி, எங்கள் முத்திரையைப் பதித்துக் கொடுத்தேன். டிரைவர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தால் சரி.

வரும் வழியில் அதே யோசனை.

ஜூன் 23, ஞாயிறு

சைக்கிளை அவரிடம் கொடுத்தேன். மேம்பாலத்தில் கடிகாரம் 112. இறங்கி வந்து சைக்கிளின் சீட்டைத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டுவது போல.

பின்னால் கடைசி மூன்று சின்னப் பல்சக்கரங்களுக்குச் செயின் இறங்காது. வேகத்துக்கான கியர் அந்த மூன்றும்தான். வேறு வேறு கம்பெனி சாமான், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

நான்கு மாதத்துக்குப் பிறகு இன்று சைக்கிள் கூட்டத்தோடு போனார். பன்னிரண்டு பேர். நாமக்கல்லிலிருந்து மோகனூர் காவிரிக் கரைக்குப் பதினெட்டு கிலோமீட்டர். பதினான்கு வரை கோழித்தீவன விலை, பிள்ளைகள் மார்க் என்று பேசிக்கொண்டே போவார்கள். அங்கே ஒரு மைல்கல். அதைத் தாண்டினால் 'உடைப்பு'. ஏரி உடைந்த மாதிரி ஆளாளுக்குப் பாய்வது. டீக்கடைக்கு முதலில் போகிறவன் பெயர் அந்த வாரம் முழுக்கப் பேச்சில் இருக்கும். ஐம்பத்து மூன்று வயதிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு வாரம் இவர் பெயர்தான் இருந்தது.

பிப்ரவரியிலும் அப்படித்தான். முதல் ஆளாக வந்தேன் என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனவர் குளியலறையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. முதுகெலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருக்கிறார். நானும் ஆமாம் என்று சொல்லி வருகிறேன். அவர் பொய்க்கு நான் காவல்.

இன்று உடைப்பில் கடைசி. "கியர் வுழாதுன்னு சொல்லிட்டேன். யாரும் ஒண்ணுஞ் சொல்லல" என்றார். அதிகபட்சத் துடிப்பு 126. எனக்குத் தூக்கம் வந்தது, நல்ல தூக்கம்.

ஜூலை 7, ஞாயிறு

124/80, துடிப்பு 68. உடைப்பில் கடைசி. துடிப்பு 129.

கூட்டத்தில் தரணீதரன் என்று ஒருவன், ரிக் வண்டிக்கு உதிரிபாகம் விற்கிறவன், முப்பத்தெட்டு வயது. சைக்கிள் சாமான் பற்றி இணையத்தில் எது வந்தாலும் விடாமல் படிப்பவன். டீக்கடையில் இவர் சைக்கிளைக் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தக் கூட்டுல பத்தும் வுழோணும்ங்களே. பல்சக்கரம் எந்தக் கம்பெனியா இருந்தாலும் இடைவெளி ஒண்ணுதானுங்க" என்றானாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ற பொண்டாட்டி மைக்ரான்ல வேலை செய்யறவ. அவ வுழாதுன்னா வுழாதுடா, போடான்னேன்."

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கரைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 13, சனி

தரணீதரன் வீட்டுக்கே வந்துவிட்டான், சைக்கிளைப் பார்க்க. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்று சொன்னேன். அது பின்கட்டில் காயப்போட்ட சேலைக்குப் பின்னால் நின்றது. பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். எட்டுத் தின்றான்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வெளி ஸ்க்ரூ ரொம்ப உள்ள போயிருக்கும்னு எனக்கொரு டவுட்டு. நீங்க பாக்காததா..."

"பாத்துட்டேன் தம்பி. இன்னும் ரெண்டு எடுத்துக்குங்க."

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று. துணி காயப்போட முடியவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். எத்தனை நாளைக்கு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது, அதுவும் நான் மட்டும் படிக்கும் நோட்டில். டீரெய்லரில் ஒரு எல்லை ஸ்க்ரூ உண்டு, தரணீதரன் சந்தேகப்பட்ட அதே வெளி ஸ்க்ரூ. செயின் கடைசிப் பல்லையும் தாண்டி வெளியே விழாமலிருக்க. அதோடு வந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, அதைவிட ஐந்து மில்லிமீட்டர் நீளமான ஸ்க்ரூ ஒன்றை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்து முழுக்க உள்ளே திருகினேன். டீரெய்லர் கை அதற்கு மேல் வெளியே நகராது. லிவர் சொடுக்கும், கேபிள் தளரும், செயின் நின்ற இடத்திலேயே நிற்கும். ஈய சீல் மட்டும்தான் வைக்கவில்லை.

கம்பெனி வேறு என்பதெல்லாம் கதை. வேறு வேறு கம்பெனி எல்லாம் அழகாக ஒத்துப்போகிறது.

அவர் உயிருக்காகத்தான் செய்தேன். ஆனால் "அவ வுழாதுன்னா வுழாது" என்று பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னாரே, அது என்னை அறுக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஏழரைக்கு வர வேண்டியவர் எட்டரைக்கு வந்தார். முகம் வெளுத்து, உதடு காய்ந்து. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், நான் எம்மாத்திரம் என்று சிரித்தார். குளிக்கப் போகவிடவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து பி.பி. பார்த்தேன். 146/92.

போகும்போது காற்று முதுகில். எல்லோரும் நாற்பதில் பறந்திருக்கிறார்கள். தரணீதரன் ஏதோ கேலி பேசியிருக்கிறான். இவருக்கு வேகக் கியர் இல்லை. இருக்கிற கியரில் காலைச் சுற்று சுற்றென்று சுற்றியிருக்கிறார். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். 158. ஆறு நிமிஷம் அப்படியே 158.

டீக்கடையில் அரை மணி நேரம் பெஞ்சில் படுத்திருந்தாராம். முதுகுவலி என்று சொன்னாராம்.

ஜூலை 22, திங்கள்

வேலை ஓடவில்லை. ஒரு நாசிலை மூன்று முறை கழற்றி மாட்டினேன்.

எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்வான்: மூன்றாவது கியரிலேயே வைத்து அறுபதில் ஓட்டினால் எஞ்சின் அலறும். மேலே ஒரு கியர் போட்டால் அதே வேகத்தில் அடங்கிப்போகும். நான் அவருக்கு மேல் கியரைப் பிடுங்கிவிட்டு வேகத்தைக் குறைத்துவிட்டதாக நினைத்தேன். லாரியில் பம்ப் டீசலை நிறுத்திவிடும். மனுஷனிடம் நிறுத்த என்ன இருக்கிறது? அவருக்கு ரோஷம் இருக்கிறதே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது.

அந்த 158 நான் வைத்த ஸ்க்ரூ.

ஜூலை 23, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட வந்தபோது சொல்லிவிட்டேன். அவர் தீவன மில்லில் சூப்பர்வைசர். சட்டையில் மக்காச்சோளத் தூசியோடு உட்கார்ந்திருந்தார். சோறு போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். போடுவதற்கு முன்பே வாயில் வந்துவிட்டது.

"அந்த மூணு கியரும் வுழுமுங்க. நாந்தான் ஸ்க்ரூ வெச்சுத் தடுத்திருக்கறேன்."

என்னைப் பார்த்தார். புரிய நேரமாயிற்று.

"எப்பருந்து?"

"மொத நாள்ளருந்துங்க."

"லாரிக்கு வெக்கறாப்ல?"

"ஆமாங்க."

"டிரைவருக்குச் சொல்லாம."

நான் தலையை ஆட்டினேன்.

"பன்னெண்டு பேர்கிட்ட உனக்காகப் பேசுனேன் துளசி." சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். எழுந்து, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, சாப்பிடாமல் மில்லுக்குப் போனார். வெறும் தட்டை எதற்குக் கழுவினார் என்று தெரியவில்லை.

ஜூலை 24, புதன்

130/84, துடிப்பு 72. கையை நீட்டினார், எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஜூலை 25, வியாழன்

அதே. சைக்கிள் பக்கம் போகவில்லை.

ஜூலை 26, வெள்ளி

பருப்பில் உப்பு அதிகம். எனக்கே தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அவருக்கு உப்பே ஆகாது. தட்டைப் பிடுங்கி மோர் ஊற்றினேன்.

ஜூலை 27, சனி

மாலை ஐந்து மணிக்கு, "வா" என்றார். பின்கட்டில் சைக்கிள் ஸ்டாண்டில் ஏறியிருந்தது. திருப்புளியை என் கையில் கொடுத்தார்.

"நீயே கழட்டு. நான் பாக்கோணும்."

நீள ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய ஸ்க்ரூவைப் போட்டேன். அவர் மிதியைச் சுற்ற, நான் லிவரைச் சொடுக்கினேன். ஏழு. எட்டு. ஒன்பது. பத்து. பதினோரு பல் உள்ள கடைசிச் சின்னச் சக்கரத்தில் செயின் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. இரண்டு பேரும் சக்கரம் சுற்றி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணு சொல்றேன்" என்றார். "அன்னிக்கு நீ வுழாதுன்னு சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"என்னங்க சொல்றீங்க?"

"கடைசியா வந்தா, கியரு இல்லைன்னு சொல்லிக்கலாம்ல. பயமா இருக்குதுன்னு சொல்ல வேண்டியதில்ல. ஸ்க்ரூவத் திருகி வெச்சது நீ. நானும் குனிஞ்சு ஒருக்காப் பாத்திருக்கலாம். பாக்கல." செயினை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருந்தாலும் நீ சொல்லிருக்கோணும். நான் லாரியில்ல" என்றார்.

"தப்புத்தானுங்க மாமா" என்றேன். அழுகை வந்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசி என்றார்.

பிறகு பத்துப் பல்சக்கரத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைத்தேன். எல்லாம் புதுசு மாதிரி மினுங்கியது.

ஜூலை 28, ஞாயிறு

ஐந்தரைக்குக் கிளம்பிப் போனார். பத்து கியரோடு. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழரை ஆயிற்று. எட்டு ஆயிற்று. எட்டேகாலுக்குத் தரணீதரனுக்குப் போன் போடலாமா என்று எடுத்தேன், வைத்தேன். காற்று மண்ணை வாரி வாரி அடித்தது. எட்டரைக்கு வந்தார். முகத்தில் வெயில் மட்டும்தான் இருந்தது.

"ஏனுங்க இவ்வளவு நேரம்?"

"மெதுவா வந்தேன்."

சாப்பிடும்போதுதான் மீதி வந்தது. மைல்கல்லுக்கு முன்னாலேயே கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தியிருக்கிறார். "மார்ல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்குது. முதுகெல்லாம் ஒண்ணுமில்ல. இனி உடைப்புக்கு நான் வரமாட்டேன், நீங்க போங்க"ன்னு சொன்னேன் என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? போய்ட்டாங்க. தரணி மட்டும் எங்கூடவே வந்தான். டீக்கடை வரைக்கும் வாயே தொறக்கல. அவன் வாயத் தொறக்காம வந்ததுதான் எனக்குப் பயமாப் போச்சு."

அவர் தூங்கிய பிறகு மத்தியானம் சைக்கிளைக் கழுவ எடுத்தேன். பெரிய பல்சக்கரங்கள் ஏழிலும் கறுப்பு எண்ணெயும் புழுதியும் படிந்திருந்தன. சின்னது மூன்றும் நேற்று நான் துடைத்தபடியே மினுங்கின. செயின் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை. ஈரத் துணியோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அப்புறம் வெட்கமாயிருந்தது. அவர் நம்பி என் கையில் திருப்புளியைக் கொடுத்தார். நான் இன்னும் சீல் உடைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஓனர் மாதிரி பல் பல்லாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப்பெருக்கு, காவிரிக் கரையில் இன்னும் கூட்டமாம். வேறு வழியில் போனார்கள். 120/78, துடிப்பு 65. மூன்றும் சுத்தம். பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஏழே முக்காலுக்கு வந்துவிட்டார். சீட்டியடித்துக்கொண்டே குளிக்கப் போனார். குளியலறைக் கதவுப் பக்கம் நான் நிற்கவில்லை.

சைக்கிளைக் கழுவினேன். சின்னது மூன்றில், பதினைந்து பல் சக்கரத்தில் கறுப்பு. பதின்மூன்றில் கறுப்பு. பதினொன்றில் லேசாக, கொஞ்ச தூரம் போய்த் திரும்பியதுபோல.

பத்தையும் ஒரே மாதிரி துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"கியரெல்லாம் நல்லா வுழுதுங்களா?"

"வுழுது துளசி. அருமையா வுழுது."

கடிகாரம் மேசைமேல் கிடந்தது. எடுத்துப் பார்க்காமல் அதை நகர்த்தி வைத்துவிட்டு இட்லித் தட்டை வைத்தேன்.